மாணவர் பந்தயத் தானுந்துகளில் நழுவல் வரம்பு டிஃபரன்சியல்

நழுவல் வரம்பு டிஃபரன்சியல் என்பது, ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுத்து, அதே வேளையில் பிடிப்பு குறைந்த சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் பற்சக்கரத் தொகுதி ஆகும். தூய தமிழில் இதனை நழுவல் வரம்புடைய வேறுபாட்டுப் பல்லிணை எனலாம். பட்டறைகளில் டிஃபரன்சியல் என்னும் சொல்லே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டி ஓட்டும் சிறு பந்தயத் தானுந்துகளில் எந்த வகை டிஃபரன்சியலைப் பொருத்துவது என்பது ஒவ்வொரு குழுவும் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் வினாவாகும். பெரும்பாலும் இவ்வினா "எந்த நிறுவனத்தின் பொருள் சிறந்தது?" என்ற வடிவில் கேட்கப்படுகிறது. ஆனால் தடத்தின் மிகக் குறுகிய வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் எவ்வளவு சுமை எஞ்சியிருக்கும் என்பதே தேர்வைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி ஆகும். அந்த எண் தெரிந்தால் வகை, அமைவு, செலவு ஆகிய மூன்றும் ஓரளவு தாமே தெளிவாகும்.

தேவை

ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் நீண்ட தொலைவையும் உள்பக்கச் சக்கரம் குறுகிய தொலைவையும் கடக்கின்றன. இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டிருந்தால், ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆகவேண்டும். இதனைத் தவிர்க்கவே டிஃபரன்சியல் உருவாக்கப்பட்டது. எனினும் சாதாரண டிஃபரன்சியலுக்கு, அதாவது திறந்த டிஃபரன்சியலுக்கு, ஒரு குறை உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே அளிக்கும். ஒரு சக்கரத்திற்குப் பிடிப்பு இல்லையெனில், மற்றச் சக்கரத்திற்கும் அதே சிறிய முறுக்குவிசையே கிடைக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டைக் காவிரிக் கழிமுகத்தின் வயல்களில் காணலாம். காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில், தரங்கம்பாடி செல்லும் சாலையில் உள்ள பூவம் போன்ற ஊர்களில் சேற்றுழவின்போது டிராக்டரின் ஒரு பின்சக்கரம் ஆழச் சேற்றில் இறங்கிவிட்டால், அச்சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. இரும்புக் கேஜ் வீல் பொருத்துவது பிடிப்பைக் கூட்டும் ஒரு வழி. மற்றொரு வழி, ஓட்டுநர் காலருகே உள்ள டிஃபரன்சியல் பூட்டு மிதியை அழுத்துவது. பூட்டு விழுந்ததும் இரு சக்கரங்களும் ஒரே தண்டுபோல் சுழல, வண்டி சேற்றிலிருந்து ஏறிவிடும். ஆனால் பூட்டிய நிலையில் வரப்போரம் திருப்ப முயன்றால் டிராக்டர் நேராகவே செல்ல முற்படும். எனவே திருப்புவதற்கு முன் பூட்டை விடுவிக்கவேண்டும் என்பது டிராக்டர் ஓட்டுநர் அனைவரும் அறிந்த விதி.

பந்தயத் தானுந்தின் சிக்கலும் இதுவே. ஒரு சக்கரத்தில் பிடிப்பு குறைந்தால் பூட்டு வேண்டும். திரும்பும்போது பூட்டு வேண்டாம். டிராக்டரில் இவ்விரண்டும் வெவ்வேறு நேரங்களில் நிகழ்கின்றன. பந்தயத் தானுந்திலோ, வளைவை விட்டு வெளியேறும் ஒரே நொடியில் இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன. முழுமையாகப் பூட்டாமலும் முழுமையாகத் திறவாமலும் இடைநிலையில் இயங்கும் ஒன்று தேவைப்படுவது இதனால்தான். காரைக்கால் திருவேட்டக்குடியில் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும், நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராசர் பொறியியல் கல்லூரியும் உள்ளன. இப்பகுதியில் இயந்திரவியல் பயிலும் மாணவர் ஒருவர் டிஃபரன்சியலின் நன்மை தீமை இரண்டையும் அருகிலுள்ள வயலிலேயே நேரில் கண்டறியலாம்.

வரலாறு

தானுந்துக்கான டிஃபரன்சியலைப் பிரான்சு நாட்டின் ஒனெசிஃபோர் பெக்கூர் 1828-ஆம் ஆண்டில் தம் நீராவி வண்டிக்கான காப்புரிமையில் விவரித்தார். நழுவலை வரம்பிடும் தேவை பந்தயங்களிலிருந்து எழுந்தது. 1930-களில் ஆட்டோ யூனியன் நிறுவனத்தின் ஆற்றல் மிகுந்த பந்தயத் தானுந்துகளில் ஒரு பின்சக்கரம் மட்டும் உயர் வேகத்திலும் வீணாகச் சுழன்றது. இதனைத் தீர்க்க ஃபெர்டினாண்டு போர்ஷே 1935-இல் இசட்.எஃப். நிறுவனத்திடம் நழுவல் வரம்பு டிஃபரன்சியலை வடிவமைக்கப் பணித்தார். அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் புழுப் பற்சக்கரங்களை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு வகைக்கு 1958-இல் காப்புரிமை பெற்றார். இதுவே பின்னர் டார்சன் என்னும் பெயரில் புகழ்பெற்றது.

மாணவர் போட்டிகளும் தடத்தின் இயல்பும்

ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டி 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் உருவானது. அதன் வழிவந்த ஃபார்முலா ஸ்டூடன்ட் 1998-இல் பிரித்தானியாவில் தொடங்கியது. இந்தியாவில் சுப்ரா எஸ்.ஏ.இ. இந்தியா, ஃபார்முலா பாரத் ஆகிய போட்டிகள் நடைபெறுகின்றன. ஃபார்முலா பாரத் பல ஆண்டுகள் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே வளாகத்தில் நடந்துள்ளது. 2003-இல் திறக்கப்பட்ட இத்தடம், மாருதி 800 பொறியைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் உள்நாட்டுப் பந்தயத் தானுந்தை உருவாக்கிய கோவை எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியுள்ளது. தமிழ்நாட்டிலிருந்து சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ரஃப்தார், வேலூர் தொழில்நுட்பக் கழகத்தின் பிரவேகா முதலிய குழுக்கள் இவ்வகைப் போட்டிகளில் அறியப்பட்டவை.

இப்போட்டிகளின் தடம் வழக்கமான பந்தயத் தடத்தைப் போன்றதன்று. கூம்புகளை நட்டு, வேகத்தைத் தாழ்வாகவும் வளைவுகளைக் குறுகலாகவும் வைத்து அமைக்கப்படுவது. டிஃபரன்சியல் தேர்வுக்குத் தேவையான அளவுகள் பின்வருமாறு:

* நேர்முடுக்கச் சோதனை: 75 மீட்டர் நேர்வழி.
* எட்டு வடிவச் சோதனை: உள்வட்ட விட்டம் 15.25 மீட்டர், வழியின் அகலம் 3 மீட்டர்.
* கொண்டையூசி வளைவு: வெளிவிட்டம் குறைந்தது 9 மீட்டர்.
* நீடித்த ஓட்டம்: ஏறத்தாழ 22 கிலோமீட்டர், இடையில் ஓட்டுநர் மாற்றம் உண்டு. தனிச் சோதனைகளுள் மிகுந்த புள்ளிகள் இதற்கே.

பின்சக்கரங்களின் இடைவெளி 1.15 மீட்டர் எனக் கொள்வோம். எட்டு வடிவச் சோதனையில் வண்டியின் மையம் ஏறத்தாழ 9.1 மீட்டர் ஆரத்தில் செல்லும். அப்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 13 விழுக்காடு வேகமாகச் சுழலவேண்டும். கொண்டையூசி வளைவில் மையம் 3.7 மீட்டர் ஆரத்தில் சென்றால் இவ்வேறுபாடு சுமார் 37 விழுக்காடாக உயரும். சாலைத் தானுந்துகளும் பெரிய பந்தயத் தானுந்துகளும் வேகமாக ஓடும் வளைவுகளில் இத்தகைய வேறுபாடு ஏற்படுவதே இல்லை. எனவே அவற்றுக்கெனக் கூறப்படும் அறிவுரையை மாணவர் தானுந்துக்கு அப்படியே பொருத்துவது தவறான முடிவைத் தரலாம்.

வகைகள்

திறந்த டிஃபரன்சியல்: எளியது, மலிவானது, சந்தையில் எளிதாகக் கிடைப்பது. சிறு சாலைத் தானுந்துகளின் டிஃபரன்சியலை மாற்றியமைத்துப் பயன்படுத்துவது உண்டு. உள்சக்கரம் இலேசானதும் உந்துவிசை முழுதும் குறைந்துவிடும் என்பது இதன் குறை.

ஸ்பூல்: உண்மையில் இது டிஃபரன்சியல் அன்று; இரு சக்கரங்களையும் நிலையாக இணைக்கும் தண்டு. மிக இலேசானது, பழுதாக ஏதுமில்லாதது. கோ-கார்ட் வண்டிகளில் இதுவே உள்ளது. ஆனால் கோ-கார்ட்டில் திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படியே சட்டகம் வடிவமைக்கப்படுகிறது. சஸ்பென்ஷன் உள்ள தானுந்தில் அவ்வாறு எழும்பாத நிலையில், ஸ்பூல் வண்டியை நேராகவே தள்ளும். திருப்பிய அளவுக்கு முன்பக்கம் திரும்பாமல் வெளிநோக்கி விலகும் இந்நிலை குறைதிருப்பம் எனப்படுகிறது.

சாய்பல் வகை: டார்சன், குவைஃப் ஆகியவை இவ்வகையின் அறியப்பட்ட பெயர்கள். முறுக்குவிசை பாயும்போது சாய்வான பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளி, உறையோடு உராய்கின்றன. பாயும் முறுக்குவிசை மிகுந்தால் உராய்வும் மிகும். எனவே பிடிப்புள்ள சக்கரத்திற்கு, பிடிப்பற்ற சக்கரத்தைப் போல் குறிப்பிட்ட மடங்கு முறுக்குவிசை செல்ல முடியும். இம்மடங்கு முறுக்குவிசைப் பகிர்வு விகிதம் எனப்படும். தேய்மானம் குறைவு, இயக்கம் மென்மையானது. ஆனால் பகிர்வு விகிதத்தை மாணவர்கள் தம் பட்டறையில் எளிதாக மாற்ற இயலாது.

உராய்வுத் தட்டு வகை: சால்ஸ்பரி வகை என்றும் கூறுவர். ஜெர்மனியின் டிரெக்ஸ்லர் நிறுவனம் மாணவர் தானுந்துகளுக்கெனவே இவ்வகையில் ஒரு சிறிய மாதிரியைத் தயாரிக்கிறது. இதில் டிஃபரன்சியலின் குறுக்குத் தண்டு சரிவான பள்ளங்களில் அமர்ந்திருக்கும். முறுக்குவிசை பாயும்போது தண்டு சரிவில் ஏற முயன்று, இரு அழுத்த வளையங்களை வெளிநோக்கித் தள்ளும். அவை மோட்டார் சைக்கிளின் கிளட்சில் உள்ளவை போன்ற உராய்வுத் தட்டுகளை நெருக்கிப் பூட்டலை உண்டாக்கும். சரிவின் கோணத்தை மாற்றிப் பூட்டலின் அளவை மாற்றலாம். சுழலும் தளத்திலிருந்து கோணத்தை அளந்தால், 45 பாகைச் சரிவு தொடுவிசைக்குச் சமமான பக்கத் தள்ளலையும், 30 பாகைச் சரிவு சுமார் 1.7 மடங்கையும், 60 பாகைச் சரிவு சுமார் 0.6 மடங்கையும் தரும். முடுக்கும்போது ஒரு பக்கச் சரிவும், முடுக்கியை விட்டபோது எதிர்ப்பக்கச் சரிவும் செயற்படுவதால், இரு நிலைகளுக்கும் வெவ்வேறு பூட்டலை அமைக்க முடிகிறது.

இருவகைகளையும் ஒப்பிட உதவும் மூன்று எண்கள்

விற்பனைக் கையேடுகள் சாய்பல் வகைக்குப் பகிர்வு விகிதத்தையும் தட்டு வகைக்குப் பூட்டல் விழுக்காட்டையும் தருவதால், இரண்டும் முற்றிலும் வேறான பொருள்கள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரலாம்.

* பூட்டல் விகிதம்: இரு சக்கரங்களின் முறுக்குவிசை வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. திறந்த வகைக்கு ஏறத்தாழ 0. ஸ்பூலுக்கு 1 வரை.
* பகிர்வு விகிதம்: ஒன்றுடன் பூட்டல் விகிதத்தைக் கூட்டியதை, ஒன்றிலிருந்து பூட்டல் விகிதத்தைக் கழித்ததால் வகுத்தால் கிடைப்பது. பூட்டல் விகிதம் 0.5 எனில் பகிர்வு விகிதம் 3, 0.6 எனில் 4. மறுதலையாக, பகிர்வு விகிதம் 2.5 எனில் பூட்டல் விகிதம் சுமார் 0.43.
* முன்னழுத்தம்: முறுக்குவிசை பாயாத நிலையிலும் வில்தட்டுகளால் நிலையாக இருக்கும் பூட்டல். இங்கு இது இரு சக்கரங்களுக்கிடையே உண்டாகும் முறுக்குவிசை வேறுபாடாக, நியூட்டன் மீட்டரில் குறிக்கப்படுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

ஓட்டுநருடன் 280 கிலோகிராம் நிறையுள்ள தானுந்தை எடுத்துக்கொள்வோம். நிறையில் 54 விழுக்காடு பின்னச்சின் மேல். நிறைமையத்தின் உயரம் 0.30 மீட்டர்; சக்கர இடைவெளி 1.15 மீட்டர். இவை கணக்குக்காகக் கொள்ளப்பட்ட எண்கள். ஒவ்வொரு குழுவும் தன் வண்டியின் எண்களைக் கொண்டு இதனைத் திரும்பச் செய்யவேண்டும்.

வண்டி நிற்கும்போது ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் சுமார் 742 நியூட்டன் சுமை இருக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.3 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்துடன் வளைவில் சென்றால், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்திற்கு மொத்தம் சுமார் 932 நியூட்டன் சுமை இடம்பெயரும். இதில் பாதி பின்னச்சில் நிகழ்வதாகக் கொண்டால், உள்பக்கப் பின்சக்கரத்தில் சுமார் 276 நியூட்டனும் வெளிப்பக்கத்தில் சுமார் 1208 நியூட்டனும் இருக்கும்.

வளைவை விட்டு வெளியேறும்போது டயரின் பிடிப்பில் ஒரு பகுதி இன்னும் பக்கவாட்டு விசைக்கே செலவாகிறது. முன்னோக்கித் தள்ள எஞ்சியிருக்கும் பிடிப்பு சுமையில் பாதி எனக் கொண்டால், உள்சக்கரம் சுமார் 140 நியூட்டனும் வெளிச்சக்கரம் சுமார் 605 நியூட்டனும் தாங்கும். சக்கர ஆரம் 0.23 மீட்டர். பல்வேறு அமைப்புகளில் தரையில் கிடைக்கும் மொத்த உந்துவிசை பின்வருமாறு அமையும்:

* திறந்த வகை: 140 + 140 = 280 நியூட்டன்.
* பகிர்வு விகிதம் 2.5, முன்னழுத்தம் இல்லை: 140 + 350 = 490 நியூட்டன்.
* பகிர்வு விகிதம் 2.5, முன்னழுத்தம் 20 நியூட்டன் மீட்டர்: ஏறத்தாழ 140 + 500 = 640 நியூட்டன்.
* முழுப் பூட்டு: 140 + 605 = 745 நியூட்டன்.

திறந்த வகையிலிருந்து எளிய சாய்பல் வகைக்கு மாறுவதாலேயே உந்துவிசை 1.75 மடங்காகிறது. அதன்பின் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆதாயம் குறைந்துகொண்டே வருகிறது. திருப்புவதில் ஏற்படும் இடர்ப்பாடு கூடிக்கொண்டே போகிறது.

உள்சக்கரம் தரையை விட்டு எழும்பும் நிலை

மேற்கண்ட வண்டியில் உள்சக்கரம் முற்றிலும் எழும்பிவிட்டால், அதன் பங்கு சுழியம் ஆகும். சுழியத்தை எந்தப் பகிர்வு விகிதத்தால் பெருக்கினாலும் சுழியமே. எனவே முன்னழுத்தம் இல்லாத சாய்பல் வகை இந்நிலையில் திறந்த வகையைப் போன்றே நடந்துகொள்ளும். இதிலிருந்து, "எழும்பும் சக்கரத்திற்குச் சாய்பல் வகை உதவாது, தட்டு வகையே உதவும்" என்ற கருத்து மாணவரிடையே பரவலாக உள்ளது. இது பாதி உண்மை மட்டுமே.

பூட்டல் விகிதம் ஒன்றுக்குக் குறைவாக உள்ள தட்டு வகையும், முன்னழுத்தம் இல்லையெனில், இந்நிலையில் உந்துவிசை எதையும் தராது. இங்குக் காப்பாற்றுவது முன்னழுத்தமே. சரிவினால் உண்டாகும் பூட்டலோடு முன்னழுத்தம் கூடும் வகையில் அமைந்த டிஃபரன்சியலில், வெளிச்சக்கரம் பெறக்கூடிய முறுக்குவிசையைக் காண, முன்னழுத்தத்தை ஒன்றிலிருந்து பூட்டல் விகிதத்தைக் கழித்த எண்ணால் வகுக்கவேண்டும். முன்னழுத்தம் 20 நியூட்டன் மீட்டர் எனில்:

* பூட்டல் விகிதம் 0.43: சுமார் 35 நியூட்டன் மீட்டர், தரையில் சுமார் 152 நியூட்டன்.
* பூட்டல் விகிதம் 0.6: 50 நியூட்டன் மீட்டர், தரையில் சுமார் 217 நியூட்டன்.

சில தட்டு வகைகளில் வில்தட்டு அமர்ந்துள்ள இடத்தைப் பொறுத்து, முன்னழுத்தமும் சரிவுப் பூட்டலும் கூடுவதில்லை. இரண்டில் பெரியதே செயற்படும். அவற்றில் இக்கணக்கு 20 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் 87 நியூட்டன் அளவிலேயே நின்றுவிடும். ஆகவே வாங்குமுன் வில்தட்டின் இருப்பிடத்தை வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நன்று.

தட்டு வகையின் உண்மையான மேன்மை வேறு. முன்னழுத்தத்தையும் சரிவுக் கோணத்தையும் தட்டுகளின் எண்ணிக்கையையும் குழு தானே மாற்றிச் சோதிக்க முடியும் என்பதே அது. சோதிக்க நேரமும் தடமும் இல்லாத குழுவுக்கு இம்மேன்மையால் பயனில்லை.

சஸ்பென்ஷனின் பங்கு

மேற்கண்ட கணக்கில் சுமை இடப்பெயர்வின் பாதி பின்னச்சில் நிகழ்வதாகக் கொண்டோம். முன் அச்சின் சாய்வுத் தடுப்புக் கம்பியை விறைப்பாக்கி, பின்னச்சின் பங்கை 35 விழுக்காடாகக் குறைத்தால், உள்பக்கப் பின்சக்கரத்தில் 276-க்கு மாறாகச் சுமார் 416 நியூட்டன் சுமை எஞ்சும். அப்போது உள்சக்கரம் 208 நியூட்டனும் வெளிச்சக்கரம் 534 நியூட்டனும் தாங்கும். பகிர்வு விகிதம் 2.5 உடைய, முன்னழுத்தம் இல்லாத சாய்பல் வகை 208 + 520 = 728 நியூட்டன் தரும். முழுப் பூட்டின் 742 நியூட்டனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. திறந்த வகைகூட 280-லிருந்து 416 நியூட்டனுக்கு உயர்கிறது.

இதற்கும் விலை உண்டு. அதே நிலையில் உள்பக்க முன்சக்கரத்தின் சுமை சுமார் 166 நியூட்டனிலிருந்து 26 நியூட்டனாகக் குறைந்து, சக்கரம் எழும்பும் விளிம்புக்கு வரும், குறைதிருப்பமும் கூடும். எனவே டிஃபரன்சியலையும் சஸ்பென்ஷனையும் தனித்தனிக் குழுவினர் தனித்தனியே முடிவு செய்தால் இரண்டுமே தவறாகப் போகக்கூடும். சர்வதேச விதிகளில் 150 புள்ளிகள் பெறும் வடிவமைப்புத் தேர்வில் நடுவர்கள் கேட்பதும் இத்தொடர்பைப் பற்றியதே. பொருளின் பெயரை மட்டும் சொல்லும் விடைக்குப் புள்ளிகள் கிடைப்பது அரிது.

முடுக்கியை விட்ட நிலை

பிரேக் பிடித்து வளைவினுள் நுழையும்போது பூட்டல் இருந்தால் வண்டியின் பின்பகுதி நிலையாக இருக்கும். ஆனால் திரும்புவது கடினமாகும். பூட்டல் மிகக் குறைந்தால் வண்டி எளிதாகத் திரும்பும். பின்பகுதி வெளியே வீசும் மிகைதிருப்பம் நேரலாம். அனுபவம் குறைந்த ஓட்டுநர்கள் உள்ள குழு நிலைத்தன்மையின் பக்கம் சற்றுச் சாய்வது பாதுகாப்பானது. முன்னழுத்தம் முடுக்கும் நிலை, முடுக்காத நிலை இரண்டிலும் செயற்படுவதால், அதனைத் தேவைக்கு மேல் கூட்டினால் கொண்டையூசி வளைவில் வண்டி திரும்ப மறுக்கும்.

பொருத்துதலும் செலவும்

மாணவர் தானுந்துகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் பொறியையும் சங்கிலியையும் பயன்படுத்துகின்றன. எனவே டிஃபரன்சியலுடன் பின்வருவனவற்றையும் சேர்த்தே திட்டமிடவேண்டும்:

* சங்கிலிச் சக்கரம், தாங்குருளைகள், இருபுறத் தாங்கு தகடுகள்.
* சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு. வட்டத்தின் மையம் விலகிய தாங்கிகளைச் சுழற்றி இறுக்குவது பரவலான முறை.
* விதிப்படி சங்கிலியை மூடும் எஃகுக் காப்பு. குறைந்தது 2.66 மில்லிமீட்டர் தடிப்பும், சங்கிலியின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு அகலமும் வேண்டும். அறுந்த சங்கிலி ஓட்டுநரையோ அருகில் நிற்பவரையோ தாக்காமல் தடுப்பது இதுவே.
* எண்ணெய் உறை. சில சாய்பல் மாதிரிகள் உறையின்றி வருகின்றன. மாணவர்களே அலுமினியத்தில் உறை கடைந்து எண்ணெய்க் காப்பு வளையங்களைப் பொருத்தவேண்டும். நீடித்த ஓட்டத்தில் எண்ணெய் ஒழுகும் வண்டி கொடி காட்டித் தடத்திலிருந்து வெளியே அழைக்கப்படும்.

இறக்குமதி செய்யப்படும் தட்டு வகைக்குச் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து இலட்சக் கணக்கில் செலவாகலாம். பெரும்பாலான கல்லூரிக் குழுக்களுக்கு இது ஆண்டு நிதியில் குறிப்பிடத்தக்க பங்காகும். அதே பணத்தில் இரண்டு மூன்று தொகுதி டயர்களும் பல நாள் தடச் சோதனையும் கிடைக்கக்கூடும் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். மறுபுறம், நல்ல டிஃபரன்சியல் ஒன்று அடுத்தடுத்த பல வண்டிகளுக்கு மாற்றிப் பொருத்தப்படலாம். டயர் அவ்வாறு நீடிப்பதில்லை.

பராமரிப்பும் அளவிடுதலும்

தட்டு வகையில் தட்டுகள் தேயத் தேய முன்னழுத்தம் குறையும். அதனை அளக்க எளிய முறை உண்டு. கியரை நடுநிலையில் வைத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, மற்றதை ஜாக்கியால் தூக்கி, முறுக்குவிசைத் திருகியால் மெல்லத் திருப்பவேண்டும். சக்கரம் நகரத் தொடங்கியபின் திருகி காட்டும் எண்ணே அளவீடு. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ஒரு சக்கரத்தில் நாம் தரும் முறுக்குவிசை, மற்றச் சக்கரத்தில் எதிர்த்திசையில் அதே அளவில் தோன்றும். எனவே இரு சக்கரங்களுக்கிடையிலான வேறுபாடு திருகி காட்டும் எண்ணைப் போல் இரு மடங்கு ஆகும். மேற்கண்ட கணக்கின் 20 நியூட்டன் மீட்டர், திருகியில் 10 என்றே தெரியும். கையேட்டில் உள்ள எண் எந்த முறையில் அளக்கப்பட்டது என்று பாராமல் அமைத்தால் இரு மடங்குப் பிழை நேரும்.

உற்பத்தியாளர் குறிப்பிடும் எண்ணெயையே பயன்படுத்தவேண்டும். எண்ணெய் மாறினால் தட்டுகளின் உராய்வும் மாறும். காரைக்கால் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் எஃகு விரைவில் துருவேறும். பிரித்த தட்டுகளையும் பற்சக்கரங்களையும் எண்ணெய் பூசி, காற்றுப் புகாத பையில் வைப்பது அவசியம்.

தேர்வு முறை

1. தடத்தின் மிகக் குறுகிய வளைவில் உள்பக்கப் பின்சக்கரச் சுமையைத் தன் வண்டிக்குக் கணக்கிடுக.
2. சுமை மிகக் குறைவாக இருந்தால், முதலில் சஸ்பென்ஷன் விறைப்புப் பகிர்வை மாற்றிப் பார்க்க.
3. அதன் பின்னும் சக்கரம் எழும்புமாயின், முன்னழுத்தம் உள்ள வகையைக் கொள்க.
4. சக்கரம் எழும்பாது எனில், சாய்பல் வகை குறைந்த பராமரிப்பில் பெரும்பாலான ஆதாயத்தைத் தரும்.
5. பலநாள் சோதனைக்கு இடமும் ஓட்டுநரும் உள்ள குழுவுக்கு மட்டுமே தட்டு வகையின் மாற்றத்தக்க தன்மை முழுப் பயன் தரும்.
6. ஆற்றல் குறைந்த ஒற்றை உருளைப் பொறியும் மிகச் சிறிய நிதியும் கொண்ட முதலாண்டுக் குழு, நன்கு அமைக்கப்பட்ட திறந்த வகையுடன் நீடித்த ஓட்டத்தை முடிப்பது, விலையுயர்ந்த டிஃபரன்சியலுடன் பாதியில் நிற்பதைவிட மேலானது.

மின் தானுந்துகளில்

மின் பந்தயத் தானுந்துகளின் வருகையால் இவ்வினா புதிய வடிவம் பெற்றுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ரஃப்தார் குழு 2022 நவம்பரில் ஆர்.எஃப்.23 என்னும் தன் முதல் மின் பந்தயத் தானுந்தை வெளியிட்டது. சர்வதேச விதிகள் மின் தானுந்தின் ஆற்றலை 80 கிலோவாட்டு என வரம்பிடுகின்றன. ஒரே மின்னோடி பின்னச்சை இயக்கினால் டிஃபரன்சியல் தேர்வு மேற்கூறியவாறே அமையும். ஒவ்வொரு பின்சக்கரத்திற்கும் தனி மின்னோடி இருந்தால் டிஃபரன்சியல் தேவையில்லை. எந்தச் சக்கரத்திற்கு எவ்வளவு முறுக்குவிசை என்பதை மென்பொருளே முடிவு செய்யும். எனினும் உள்சக்கரத்தின் மேல் எவ்வளவு சுமை உள்ளது என்னும் கணக்கு அங்கும் தேவை. பற்சக்கரங்களும் தட்டுகளும் உராய்வினால் செய்ததை, அங்கு அக்கணக்கைக் கொண்டு நிரல் எழுதும் மாணவர் செய்யவேண்டும்.

இவற்றையும் பார்க்க

* முறுக்குவிசை
* பற்சக்கரம்
* உராய்வு
* கரி மோட்டார் ஸ்பீட்வே